காய்ச்சல் சீசனில் கபடிப் போட்டி: தம்பிக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

பொங்கல் கபடிக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், தம்பி, கமிட்டியில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடு. காய்ச்சல் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் விலகுகிற டீமுக்கு நுழைவுக் கட்டணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்பதை நோட்டீஸிலேயே போடு. பந்தல், மைக் செட், கோப்பை எல்லாம் இதற்குப் பிறகுதான். பணம் கட்டி, வேன் பேசி, ஒரத்தநாட்டிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வருகிற பையன்கள், ரைடருக்கு உடம்பு கொதித்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டு அவனைக் களத்தில் இறக்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் பணம் போய்விடும் என்று விதி வைத்திருப்பது நாம்தான். டீமுக்கு ஏழு பேரோடு ஐந்து மாற்று ஆட்களையும் பதியச் சொல். ஒருவன் படுத்தால் டீமே கலையாது என்று தெரிந்தால் அவனும் மறைக்க மாட்டான்.

எந்தக் காய்ச்சல் சுற்றுகிறது என்று தெரியாமல் ஏற்பாடு செய்யாதே. இரண்டு வாரம் முன்னாலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவ அலுவலரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேள். மூச்சில் பரவுவதா, தண்ணீரிலா, கொசுவிலா என்பதைப் பொறுத்து உன் வேலையே மாறிவிடும். வாசலில் சானிடைசர் பாட்டிலை மட்டும் வைத்துவிட்டு டெங்குவை நிறுத்த முடியாது.

மூச்சில் பரவுவது என்றால் கபடிதான் ரொம்ப ஆபத்து. ரைடர் 30 நொடி விடாமல் பாடிக்கொண்டே எதிரணிக்குள் நிற்கிறான், ஏழு பேரும் அவன் மேல் விழுகிறார்கள். ஃப்ளூ ஊரெல்லாம் இருக்கிற வாரத்தில் கபடியைத் தள்ளிவைத்து வாலிபால் நடத்து. நடுவில் வலை இருக்கிறது, ஆளோடு ஆள் கட்டிப் புரள்வதில்லை. நம் பக்கம் அதற்கும் கூட்டம் குறையாது. ஆனால் கூட்டத்தையே குறைக்க வேண்டிய நேரமும் உண்டு. 2022 ஜனவரியில், கொரோனா மறுபடி ஏறிய நேரத்தில், தமிழக அரசு ஜல்லிக்கட்டை நிறுத்தவில்லை. பார்வையாளர்கள் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, எது குறைவோ அது. காளையோடு உரிமையாளரும் ஓர் உதவியாளரும் மட்டும். இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றும் கட்டாயம். எனக்கு அதில் பிடித்தது, ஆட்டத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தில் கை வைத்ததுதான். நீயும் அதையே செய்யலாம். ஃபைனலை யூடியூபில் நேரலை விட்டால் வயதானவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து பார்ப்பார்கள்.

வெளியூர் டீம்களை ராத்திரி தங்கவைக்காதே. திறந்த மைதானத்தைவிட, பள்ளி வகுப்பறையிலோ கல்யாண மண்டபத்திலோ நாற்பது பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பதுதான் பயம். 2021 மார்ச்சில் அம்மாப்பேட்டையில் ஒரே பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குக் கொரோனா வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடைத்த அறைக்குள் சேர்ந்து இருந்தால் அவ்வளவு வேகமாகப் பரவும். எட்டு டீமோடு நிறுத்தி ஒரே பகலில் முடித்துவிடு.

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 2022 ஜூலையில் பக்கத்துக் காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, புதுச்சேரி அரசு சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளி, கல்லூரிகளை மூன்று நாள் மூடியது. அதனால் ஒரு டிரம்மும் ஒரே டம்ளரும் வேண்டவே வேண்டாம். மூடி போட்ட, குழாய் வைத்த கேன், ஆளுக்கொரு பாட்டில். ஊராட்சித் தொட்டித் தண்ணீர்தான் என்றால் அன்று காலை குளோரின் போட்டார்களா என்று ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு, போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கணும். ஐஸ் போட்ட சர்பத், கையால் அள்ளிக் கொடுக்கிற வெள்ளரித் துண்டு இரண்டும் அன்று கிடையாது. கழிப்பறைப் பக்கத்தில் சோப்பும் தண்ணீரும் சாயங்காலம் வரை தீராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடு.

மழை விட்ட கையோடு பொங்கல் வருவதால் டெங்கு கொசுவும் இருக்கும். அது பகலில் கடிக்கிற கொசு, நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். அதனால் மைதானத்தைச் சுற்றிக் கிடக்கிற டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப் எல்லாவற்றையும் பத்து நாள் முன்னால் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை அள்ளிப் போடு.

இதைவிட முக்கியமானது வலி மாத்திரை. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபென் போட்டுக்கொண்டு ஆடுகிற பழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. டெங்கு இருக்கிற உடம்பில் அவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். முதலுதவிப் பெட்டியிலிருந்து அவற்றை எடுத்துவிடு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான், அதுவும் ஆடுவதற்காக இல்லை, வீட்டுக்குப் போய்ப் படுப்பதற்கு.

ஜனவரி 28 வரை மேட்டூர்த் தண்ணீர் வருகிற வருஷமாக இருந்தால் வாய்க்காலும் ஓடும், சம்பா அறுப்பும் நடக்கும், வயலில் எலியும் இருக்கும். முழங்கால் தேய்ந்த ரத்தத்தோடு பையன்கள் நேரே வாய்க்காலில் குதிப்பதை நீ தடுத்தே ஆகணும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல். 2000இல் மலேசியாவின் சபாவில் நடந்த சாகசப் பந்தயத்தில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலருக்கு அதுதான் வந்தது. மைதானத்திலேயே குழாய்த் தண்ணீரும் சோப்பும் வை, காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு அனுப்பு. பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வாய்க்காலில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லச் சொல்.

அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி வெளியாளை விடாத வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அந்த வீட்டுப் பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று டீமில் சேர்க்காதே.

போட்டியை நிறுத்தும் அதிகாரத்தைப் பரிசுப் பணம் கொடுத்தவரிடம் விடாதே. டீம் எதிலும் சேராத ஒருவர், முடிந்தால் சுகாதார ஆய்வாளர் சொன்னால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கு. 104, 108 இரண்டு எண்ணையும் மைக்கில் சொல்ல வை. எல்லா வீரர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள நோட்டைக் கோப்பை கொடுத்ததும் தூக்கிப் போடாதே, மூன்று வாரம் உன் கையில் இருக்கட்டும். சின்னம்மை வெளியே தெரிய 21 நாள் வரை ஆகும். யாருக்காவது வந்தால் அவனோடு ஆடின டீமுக்கெல்லாம் அன்றைக்கே நீ போன் போட்டுச் சொல்லணும்.