துவைத்த துணி ஏன் நாறுகிறது?



"பாக்கெட் பாக்கெட்டா பவுடர் கரைச்சுத்தான் துவைக்கேன். மடிப்பைப் பிரிச்சா ஒரு வாடை அடிக்கே!" என்று படித்துறையில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

வியர்வைக்கு அது வடியும்போது அவ்வளவாக நாற்றம் கிடையாது. துணியில் தங்கிய வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கிருமிகள் பெருகும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. அழுக்கும் ஈரமும் இருக்கும்வரை அவை பெருகிக்கொண்டேயிருக்கும். பவுடரை அள்ளிப் போட்டால் அலசுவது சிரமம். சரியாக அலசாத துணியில் நிற்கும் சோப்பு புது அழுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூ வாசனை சேர்த்த பவுடர் நாற்றத்தை இரண்டு நாளைக்கு மூடிவைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வயலிலிருந்து வந்ததும் சட்டையைச் சுருட்டி மூலையில் போடாமல் கொடியில் விரித்துப் போடுங்கள். அரை மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் புளிச்ச வாடைதான் வரும். நுரை போகுமட்டும் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். உதறி, ஒன்றோடொன்று ஒட்டாமல், நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கிருமியைக் கொல்ல வெயிலைவிட மலிவான மருந்து கிடையாது.

பட்டுச் சேலைக்கும் சாயம் போகிற துணிக்கும் நம் பாட்டிமார் வைத்திருந்தது பூந்திக்கொட்டை. இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஒரு வாளித் துணிக்குப் பத்துப் பன்னிரண்டு காய் எடுத்து, கறுப்பு விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் இரவில் ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் கரைப்பது நல்லது. சேறு படிந்த வேட்டியை இது வெளுக்காது; அதற்கு சோப்புதான் வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

"காய்தானே, ஆத்துல கொட்டினா என்ன?" என்று கேட்கலாம். பூந்திக்கொட்டை நுரை மீனுக்கு விஷம். பவுடரும் ஆற்றுக்கு ஆகாது. சில பவுடர்களில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு, தேங்கிய தண்ணீரில் பாசிக்கும் அமலைச் செடிக்கும் உரம் போட்ட மாதிரி ஆகிவிடும். பாபநாசத்தில் இறங்கும் தாமிரபரணி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் கடந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. வழி நெடுக அந்தத் தண்ணீர்தான் குடிதண்ணீர். தூத்துக்குடிவரை குழாயில் போகிறது. நீங்கள் அலசிவிட்டதைக் கீழே ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள். வாளியில் தண்ணீர் மொண்டு, கரையிலிருந்து தள்ளி வைத்துத் துவையுங்கள். அழுக்குத் தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், தினமும் ஒரே வாழைத் தூரில் வேண்டாம்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பச்சைப் பிள்ளைத் துணியைப் பாச்சை உருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பணுவில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும். அந்த உருண்டையின் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம், மூளையையே பாதிக்கலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியில் காய்ந்த வேப்பிலையோ வெட்டிவேரோ போடுங்கள். ஏற்கெனவே உருண்டையோடு இருந்த துணி என்றால் துவைத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்ட பிறகே பிள்ளைக்கு உடுத்துங்கள். மலம் பட்ட துணியை முதலில் கக்கூசில் அலசிவிட்டு, பிறகு தனியாகத் துவையுங்கள். சோப்பு தங்கினால் பிள்ளையின் இடுக்கு சிவந்து புண்ணாகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாகத் துவையுங்கள். நன்றாகப் பிழிந்து, காற்றோட்டமான தார்சாவில் விரித்துப் போட்டு, அரை ஈரத்தில் தேய்ப்புப் பெட்டியால் தேய்த்தால் வாடை வராது. ஈரத்தோடு மட்டும் மடிக்காதீர்கள்.

இனி ஆண்களுக்கு. பூச்சி மருந்து அடித்த அன்று உடுத்தின துணியைக் கழற்றித் தனியே வையுங்கள். பிள்ளைத் துணியோடு அதை ஊறப்போடவே கூடாது.

இன்னொன்று, பெண்கள் வாய்விட்டுச் சொல்லாதது. வீட்டுக்கு விலக்கான நாட்களில் துணி வைப்பவர்கள் அதைத் துவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கடியிலோ பாவாடைக்குள் மறைத்தோ காயப்போடுகிறார்கள். அது காயாது, பூசணம் பூக்கும். ஈரத் துணியை மறுபடி வைத்தால் அரிப்பும் புண்ணும் வரும். அந்தத் துணியைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை இறுகிவிடும். பிறகு சோப்பு போட்டு அலசி, நேர் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, சுத்தமான பையில் வைக்க வேண்டும்.

வெயிலுக்கு இடம் வேண்டுமே? வீட்டுக்குப் பின்னால் வெயில் விழும் இடமாகப் பார்த்து இரண்டு கம்பு நட்டு ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். மறைப்பு வேண்டுமென்றால் தெருப்பக்கம் மட்டும் ஒரு ஓலைத் தட்டி போதும். "இது பொம்பளையாள் சமாச்சாரம்" என்று ஒதுங்கிப் போகாதீர்கள். இதைக் கட்ட அரை நாள்கூட ஆகாது.

அரிப்போ, நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் மறைக்காமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு இலவசமாக வைத்தியம் உண்டு. போகும்போது கணவரும் கூட வரலாம்.