தேயிலை மலையும் விரிவுரை மண்டபமும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் மலைச்சாலையில், திரிங்காப்பைத் தாண்டினால் கோலா தெர்லா வரும். சரிவெங்கும் நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் தேயிலைப் பச்சை. கொழுந்து பறிக்க வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள், காய்கறி பயிரிடும் சீனர்கள், மலாய்க்காரர்கள், எல்லாருக்கும் முன்பே இம்மலையில் வாழ்ந்துவரும் செமாய் பூர்வகுடியினர் என்று பலரும் இந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள். 2019-ஆம் ஆண்டில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அப்போதைய வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மலாய்க்காரர். பத்தில் மூவர் சீனர். ஐவரில் ஒருவர் பூர்வகுடியினர். ஏழு பேரில் ஒருவர் இந்தியர். எந்த இனமும் பாதியை எட்டவில்லை.

இந்த மலையிலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒரு மாணவர் அங்கும் இப்படியொரு கலவையைக் காண்பாரா? மலேசியாவில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றின் வகுப்பறைகளில் யார் அமர்வது என்பது, நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே எழுந்த கேள்வியாகும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அக்காலத்தில் உயர்கல்விக்கு ஆங்கிலப் பள்ளிகளே வழி. அப்பள்ளிகளோ பெரும்பாலும் பட்டணங்களில் இருந்தன. ஆகவே, பட்டணத்தில் வாழ்ந்தோரின் பிள்ளைகளே பல்கலைக்கழகத்திலும் மிகுந்திருந்தனர். கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவு. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான். இந்திய மாணவர்கள் இருந்தார்கள் என்றாலும், அவர்களுள் பால்மரத்தையும் தேயிலைச் செடியையும் நம்பிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் சிலரே. இன வாரியாக மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாமலே போய்விடும்.

அந்தத் தோட்டத் தொழிலாளர்களும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டது. அங்கே முதன்மையாகக் கற்பிக்க வேண்டியது சமஸ்கிருதமா, தமிழா என்ற வாதம் எழுந்தது. தமிழுக்கே இடம் வேண்டும் என்று தமிழர்கள் குரல் கொடுத்தனர். 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். துறைக்குத் தமிழ் நூல்களை வாங்குவதே அதன் நோக்கம். வணிகர்களும் ஆசிரியர்களும் கொடுத்தார்கள். அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள் அவர்களுள் பலர். துறை பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1966-இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் அதன் பின்னணியில் முன்னின்று உழைத்தார்.

1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அரசாங்கம் உயர்கல்வியை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. மஜிட் இஸ்மாயில் தலைமையிலான குழு 1971-இல் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்களின் இன விகிதம் நாட்டு மக்களின் இன விகிதத்தை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு துறையிலும் அவ்வாறு இருக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. மலாய் மாணவர்கள் கலைத் துறையில் ஓரளவு இருந்தும் பொறியியலிலும் அறிவியலிலும் அருகியே இருந்ததுதான் இதற்குக் காரணம். மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தேசியப் பல்கலைக்கழகம் 1970-இலேயே திறக்கப்பட்டிருந்தது. இன ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள் கம்பத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்றனர். அது பெரிய மாற்றம்தான். அதே வேளையில், நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத இந்திய, சீன மாணவர்களின் ஏமாற்றமும் உண்மையே.

2002-இல் ஒதுக்கீடு கைவிடப்பட்டுத் தகுதி முறை வந்தது. இப்போது விண்ணப்பதாரரின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் வழங்கப்படுகிறது. பார்வைக்கு இது எளிய கணக்கு. ஆனால், அந்தக் கணக்குக்கு வந்துசேரும் பாதைகள் ஒன்றல்ல. எஸ்.பி.எம். முடித்தவர் ஆறாம் படிவத்தில் மூன்று பருவங்கள் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதலாம். அல்லது மெட்ரிகுலேஷன் கல்லூரியில் பெரும்பாலும் ஓராண்டு பயிலலாம். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்திரர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் உரியவை. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டன, விகிதம் மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இனபேதமின்றி மெட்ரிகுலேஷனில் இடம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. இரு வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒரே தராசில் நிறுப்பது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கோலா தெர்லாவில் ஒரு மாணவி எஸ்.பி.எம். முடித்துவிட்டதாக எண்ணிப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறாம் ஆண்டின் இறுதியில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதிருந்தால், புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பிறகே முதலாம் படிவத்துக்குப் போயிருப்பாள். பள்ளிப் பேருந்து புறப்பட்டுவிட்டால் வீட்டுக்குப் போக வேறு வழியில்லை என்றால், மாலைநேரக் கழகங்களில் அவள் பெயர் இருக்காது. அந்த 10 விழுக்காடு அங்கேயே கரையத் தொடங்கிவிடுகிறது. மெட்ரிகுலேஷன் கிடைத்தால் பகாங் மாநிலத்துக்கான கல்லூரி கம்பாங்கில், குவாந்தான் பக்கம் இருக்கிறது. மலையிலிருந்து மாநிலத்தின் மறுகோடி. தங்கும் விடுதியும் உதவித்தொகையும் உண்டு என்பது ஆறுதல். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். "இன்னும் ஒன்றரை வருசமா? வேலைக்குப் போனால் சம்பளமாவது வருமே" என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால், அவள் பெயர் எந்தப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் ஏறாது. தகுதிப் பட்டியலில் தோற்றவளாகக்கூட அவள் எண்ணப்படமாட்டாள். அவள் விண்ணப்பமே செய்யவில்லை.

பல்கலைக்கழகப் புள்ளிவிவரத்தின் குறை இதுதான். உள்ளே வந்தவர்களை அது எண்ணும். வழியில் நின்றுவிட்டவர்களை எண்ணாது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 6.7 விழுக்காடு. ஒரு பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் இதே அளவில் இருந்தாலும், அவர்களுள் எத்தனை பேர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள் என்று அந்த எண் சொல்லாது. பூர்வகுடி மாணவர்களின் நிலை இன்னும் கடினம். பள்ளிக்கே நெடுந்தூரம் போக வேண்டிய செமாய்ப் பிள்ளைகளுள் பலர் இடைநிலைப்பள்ளியை முடிக்கும் முன்பே நின்றுவிடுகிறார்கள். எஸ்.பி.எம். எழுதாதவருக்கு எந்த ஒதுக்கீடும் பயன்தராது.

இன்னொரு கணக்கும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் பெண்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தொடக்க நாள்களில் யாரும் எதிர்பார்த்திராத மாற்றம் இது. இதற்காகப் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு எதுவும் வைக்கப்படவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளியில் தங்கிப் படித்தார்கள். ஆண்பிள்ளைகளுள் பலர் பாதியிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். காய்கறி லாரி ஓட்டும் பதினெட்டு வயது இளைஞனைக் கோலா தெர்லா சாலையிலும் காணலாம்.

மலையிலிருந்து போகும் மாணவி ஒருவகையில் முன்னனுபவம் உள்ளவள். கோலாலம்பூரின் ஒரே இனத்தார் வாழும் குடியிருப்பிலிருந்து வரும் மாணவருக்கு, விடுதி அறையில் வேற்றினத் தோழரோடு தங்குவது புதிதாக இருக்கலாம். அவளுக்கு அப்படியில்லை. சீனரின் கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்கியிருப்பாள். மலாய் ஆசிரியரிடம் கணிதம் கற்றிருப்பாள். செமாய்த் தோழியோடு ஒரே பேருந்தில் பயணம் செய்திருப்பாள். விரிவுரை மண்டபத்தில் அவள் முதல்நாள் தேடக்கூடியது அந்தச் செமாய்த் தோழியைப் போன்ற ஒரு முகத்தைத்தான். அதைக் காண்பது எளிதாக இருக்காது.