ஆங்கிலம் தெரியும், இந்தச் சொற்கள் தெரியுமா?

பள்ளிகள் திறந்த மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல். தூய சவேரியார் கல்லூரி தொடங்கியது 1923-இல். ஜான்ஸ், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று கல்லூரிகள் நிறைந்த இந்த ஊரைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். இங்கே படித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இலக்கணத்தில் அவ்வளவாகச் சறுக்குவதில்லை. ஒன்றுபோலத் தெரியும் சொற்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் ‘டவுட்’, ‘கொஸ்டின்’. வகுப்பில் எழுந்து நின்று ‘சார், ஒரு டவுட்’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தமிழில் சந்தேகம் என்றால் விளக்கம் கேட்பதும் ஆகும், நம்பாமல் இருப்பதும் ஆகும். ஆங்கிலேயர் காதில் டவுட் பெரும்பாலும் நம்பாமைதான். சென்னை மேலாளர் சரியாகவே புரிந்துகொள்வார். லண்டன் வாடிக்கையாளருக்கு, ‘உங்கள் அறிக்கையில் எனக்கு ஒரு டவுட்’ என்று மெயில் போனால், கணக்கில் தப்பு கண்டுபிடிக்கிறீர்கள் என்று அவர் நினைக்கக்கூடும். கொஸ்டின் என்றே எழுதுங்கள்.

‘ஹோப்’, ‘எக்ஸ்பெக்ட்’ இன்னும் நுட்பமானவை. ‘தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பது தமிழ்க் கடிதத்தில் பணிவு. எக்ஸ்பெக்ட் போட்டு அதையே எழுதினால், பதில் தந்தே ஆக வேண்டும் என்ற அதட்டல் வந்துவிடும். எச்.ஆருக்கு எழுதும்போது ஹோப் போதும். உங்கள் மேலாளர், வெள்ளிக்கிழமைக்குள் வேலையை எக்ஸ்பெக்ட் செய்வதாக எழுதினால், அது ஆசை இல்லை, உத்தரவு.

‘பாஸ்ட் அவுட்’ என்றால் நமக்குப் படிப்பை முடித்தது. வெளிநாட்டாருக்கு மயங்கி விழுந்தது. பயோடேட்டாவில் ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள். பதில் தருவது என்ற பொருளில் ‘ரிவர்ட்’ வேண்டாம், ‘ரிப்ளை’ எல்லா ஊரிலும் செல்லும்.

இதுவரை சொன்னதில் தவறினால் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்யலாம். இனி வருவது காசு விஷயம்.

கேம்பஸ் இன்டர்வியூவில் ‘வருஷம் 3 லட்சம் சி.டி.சி.’ என்றால், மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வையுங்கள். அதில் 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு. பெரும்பாலும் இதுவும் சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்காக இன்னொரு 1,500 பிடிப்பார்கள். இப்போதே 22,000-க்கு இறங்கிவிட்டது. கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் என்று மேலும் குறையலாம். பி.எஃப். உங்கள் சேமிப்புதான், எங்கும் போய்விடாது. ஆனால் வெளியூரில் அறை வாடகை கொடுக்க அது உதவாது. கைக்கு வரும் ‘டேக் ஹோம்’ எவ்வளவு என்று கேட்டு, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் சேர்வதானால், உங்களை எடுப்பது ‘எம்ப்ளாயி’யாகவா ‘அப்ரண்டிஸ்’ ஆகவா என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. வருவது ‘ஸ்டைபெண்ட்’, ‘சேலரி’ அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை உறுதி என்று வாயால் சொன்னதை நம்பிப் பிற வாய்ப்புகளை விடாதீர்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொரு ஜோடி: ‘ஆஃபர் லெட்டர்’, ‘அப்பாயின்ட்மென்ட் லெட்டர்’. முன்னது வேலை தர முன்வருவது. நோட்டீஸ் காலம், ப்ரொபேஷன், பாண்டு ஆகியவை பெரும்பாலும் பின்னதில்தான் விரிவாக இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத சொல்லைக் கல்லூரி பிளேஸ்மென்ட் ஆசிரியரிடமோ எச்.ஆரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.