தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்

குன்னூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்தெடுக்கச் செல்லும் தாய், தன் குழந்தையை எவரிடம் விட்டுச் செல்வாள்? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவ்வினாவுக்கு விடை கூறிற்று. 1981-இல் அது திருத்தப்பெற்றபின், வேலை செய்யும் பெண்கள் 50 பேரேனும் அவர்தம் குழந்தைகள் 20 பேரேனும் உள்ள தோட்டந்தோறும், ஆறு வயதுக்குட்பட்டோர்க்குக் காப்பகம் அமைத்தல் முதலாளியின் கடமையாயிற்று. போதிய இடம், வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை ஆகியவற்றோடு, குழந்தை வளர்ப்பிற் பயிற்சி பெற்ற பெண்ணொருத்தியின் பொறுப்பும் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தோட்டத்திற்குட் புகுந்து இவற்றை ஆராயும் அதிகாரம் அரசாங்க ஆய்வாளருக்கு அளிக்கப்பெற்றது.

சுவரையும் சாளரத்தையும் பார்த்துக் குறித்தல் எளிது. ஆனால், தாய் மலைச்சரிவில் நிற்கும் வேளையில் குழந்தைக்கு உணவூட்டிப் பேச்சுப் பழக்குபவள் காப்பகத்துப் பெண்ணே. ஆதலின் அவள் உண்மையிற் பயிற்சி பெற்றவளோ என்று வினவுதலே ஆய்வின் முதற்படியாகும். சட்டங்கள் மாறினும் இவ்வளவுகோல் மாறாது. நாளை அரசாங்கப் பணி ஏற்கவிருக்கும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.