வேன் பயணத்திலும் திருவருகைக் காலம்

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை. விடியுமுன் வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஸ்டார் கட்டி, துணி எடுத்து, பலகாரம் சுடுவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடுகிறது. மனத்தளவில் தயாராவது எப்படி, ஃபாதர்?
- ஒரு வாசகி, அமிர்தி, வேலூர் மாவட்டம்

பதில்: கிறிஸ்துமஸுக்கு நம்மைத் தயாரிக்கும் திருவருகைக் காலம், நவம்பர் 27 முதல் டிசம்பர் 3-க்குள் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. மொத்தம் நான்கு ஞாயிறுகள். குருவின் திருவுடை ஊதா. ஞாயிறு திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ கீதம் கிடையாது. கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்துக் காத்திருக்கச் சொல்கிறது திருச்சபை. நாமோ டிசம்பர் பிறந்ததுமே ஸ்பீக்கரை அலறவிடுகிறோம்.

லூக்கா நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். என்ன செய்வது என்று கேட்டு வந்தவர்களிடம், வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று திருமுழுக்கு யோவான் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி தண்டுபவர் கூடுதலாகப் பிடுங்கக் கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது என்றார். அவரவர் பிழைப்புக்குள்ளேயே மனமாற்றம்!

உங்களுக்கும் அதுவே வழி. வேனில் அன்றைய வாசகத்தைச் செல்போனில் படியுங்கள். பேச்சு நின்றுபோன தோழியிடம் முதலில் நீங்கள் பேசுங்கள். துணி எடுக்கும்போது வசதியில்லாத ஒரு பிள்ளைக்கும் சேர்த்து எடுங்கள். 24-ஆம் தேதிக் கூட்டத்துக்குக் காத்திராமல், முன்பே ஒரு ஞாயிறு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். பலகாரத்தில் ஒன்று குறைந்தால் பரவாயில்லை, அம்மா. இவற்றில் எதுவும் குறைய வேண்டாம்.