பாய் விரிக்கும் முன்

உடன்குடி வட்டாரத்தில் அன்பியக் கூட்டம் என்றால் முதலில் பாய் வரும். அடுத்து, முட்டுவலிக்காரர்களுக்காகப் பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும். பைபிள் அதற்கும் பிறகுதான். புதிதாகப் பொறுப்பாளர் ஆனவர்கள் இந்த வரிசையைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள். வேண்டாம்.

மற்ற சபைக்காரர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு பங்கிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களை இருபது முப்பது வீடாகப் பிரித்து, தெருக்காரர்களே வீட்டுக்கு வீடு கூடிச் செபிப்பதும், ஒருவர் பாடுகளை ஒருவர் கேட்டுக்கொள்வதும்தான் அன்பியம். சாமியார்கள் போதாத லத்தீன் அமெரிக்காவில் முளைத்த ஏற்பாடு இது. 1968இல் மெதெயின் நகரில் கூடிய ஆயர்கள் இதற்குக் கைகொடுத்தார்கள். 1990இல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள் நமக்கும் இதுதான் வழி என்றார்கள். அன்பியம் என்ற பெயர் மட்டும் நம் சரக்கு.

செபக்குழுவுக்கு நாமாக விரும்பிப் போகிறோம். அன்பியத்தில் வாய்ப்பது பக்கத்து வீடு. வேலித் தகராறுக்காரரும் அதில் அடக்கம். கீழே உள்ளதெல்லாம் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

செய்ய வேண்டியவை

நேரத்தைப் பனையிடம் கேளுங்கள். பதநீர் இறங்கும் மாதங்களில் பனையேறி விடியலில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் மரத்தில் இருப்பார். வீட்டம்மா பதநீர் காய்ச்சும் விடிலியில் அடுப்போடு இருப்பார். கூப்பனிப் பாகு பதத்துக்கு வரும் நேரத்தில், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பமாட்டார். பதம் தப்பினால் அன்றைய கூலி போச்சு. பனையேறிகள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக மிச்சமிருப்பவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் போடலாமா? மாலை ஐந்து மணிக் கூட்டம் உத்தியோகக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் வசதி. எட்டு மணிக்கு வையுங்கள். மணப்பாடு, பெரியதாழை என்று கடற்கரைப் பக்கம் போனால் கணக்கு வேறு: ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், அன்றைக்குத்தான் ஆள் கிடைக்கும்.

நோயாளி வீட்டிலிருந்து தொடங்குங்கள். இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை என்று யாராவது சொன்னால் மணப்பாட்டுப் பக்கம் கையைக் காட்டுங்கள். 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு சங்கதி சொல்கிறார். நோயாளிகள் வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு மேல் அழைப்பு. ஒற்றை ஆளாக எத்தனை ஊருக்குப் போவது? மந்திரம் படித்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி உட்காரவைத்து, விசுவாசப்பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நோயாளிக்குத் தைரியம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீடு, நாலு அயல்வீடு, நடத்தியது பொடிப்பயல்கள். நம் கரையில் அன்பியத்தின் வயது என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு படிகளையும் ஏழாகவே வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து வந்த முறை இது: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் தைத்த சொல்லை எடுத்து மும்முறை சொல்வது, அமைதி, பகிர்வு, என்ன செய்யலாம் என்று பேசுவது, மன்றாட்டு. நம்மவர்கள் நான்காவதையும் ஆறாவதையும் தாண்டி ஓடிவிடுவார்கள். அமைதி என்றதும் யாராவது ஒருவர் பாட்டு எடுத்துவிடுகிறார். வாய் சும்மா இருந்தால் ஏதோ குறை என்று நமக்கு நினைப்பு. ஆறாவது படியில் பேச்சு நிலைத்தால் எந்த வீட்டில் என்ன தேவை என்று சொல்லவேண்டியிருக்கும், அதனால் சட்டென்று அருள்நிறை மரியே தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது படிதான் என்னைக் கேட்டால் மிக நல்லது. படிக்காதவர்களுக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பாட்டி, “எனக்கு என்ன தெரியும், நீங்க சொல்லுங்க தாயீ” என்றே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள், புயலில் சீடர்கள் படகில் தவிக்கும் பகுதி. “தலையணை” என்றார். ஆண்டவர் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பாட்டி மூன்று முறை அதே சொல்லைச் சொன்னார். அவர் மகன் அப்போது ஆழ்கடலுக்குப் போயிருந்தான்.

வாடகை வீடுகளையும் எண்ணுங்கள். கல்லாமொழி அனல்மின் நிலைய வேலைக்கென்று வெளியூர்க்காரர்கள் வந்து இருக்கிறார்கள். பங்குக் குடும்பப் பதிவேட்டில் பேர் இல்லை என்பதால் அவர்கள் வீட்டில் ஆள் இல்லை என்றாகாது.

செய்யக்கூடாதவை

வரி நோட்டோடு போகாதீர்கள். திருவிழா வந்தால் தலைக்கட்டு வரி பிரிக்க ஆள் வேண்டும். அன்பியப் பொறுப்பாளர் கையில் நோட்டைக் கொடுத்துவிடுவது எல்லாருக்கும் சுலபம். ஒரு வருஷம் நானும் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு செபத்துக்குக் கூப்பிடப் போனாலும், “அவுக வீட்டுல இல்லியே” என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வரும். சொன்ன குரலே அவுக குரல்தான். வரி வேண்டும், சப்பரமும் அசன விருந்தும் சும்மா நடக்காது. பிரிக்க வேறு ஆளைப் பாருங்கள்.

புனிதர் பெயரை வைத்துவிட்டு எல்லையைச் சாதிக்கு வரையாதீர்கள். “தெருவாரியாகத்தானே பிரித்திருக்கிறோம்” என்பார்கள். நம் ஊரில் தெரு என்றால் என்னவென்று நமக்கா தெரியாது? அந்தோணியார் அன்பியத்தில் ஒரு சனம், சூசையப்பர் அன்பியத்தில் இன்னொரு சனம் என்று கச்சிதமாக விழுந்தால் கோடு போட்டவர் கை எங்கே வளைந்தது என்று பாருங்கள். எல்லையை மாற்ற ஒன்றிரண்டு வீடு இந்தப்பக்கம் வந்தால் போதும். எதிர்ப்பு வரும். பெரும்பாலும் காரணமாகச் சொல்வது தூரம். அளந்து பார்த்தால் நூறடி இருக்காது. கூட்டத்துக்கு வந்தும் அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் குடிக்காமல் எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொறுப்பாளர் பார்க்காத மாதிரி இருக்கக்கூடாது. முதல் டம்ளரை நீங்கள் எடுத்துக் குடியுங்கள்.

பலகாரப் போட்டி கூடாது. முதல் வீட்டில் சுக்குக் காப்பி, மூன்றாவது வீட்டில் கேசரி, ஐந்தாவது வீட்டில் சிக்கன் பிரியாணி. ஆறாவது வீட்டுக்காரருக்கு அந்த வாரம் பார்த்து வெளியூரில் வேலை வந்துவிடும். கருப்பட்டி ஊர்க்காரர்களுக்குச் சுக்குக் காப்பியைவிட மேலே என்ன வேண்டும்?

அன்பியத்தைச் சுகமளிக்கும் மேடை ஆக்காதீர்கள். அருங்கொடை இயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1967இல் அமெரிக்காவில் மாணவர்கள் தியானத்தில் தொடங்கி, 1972இல் பம்பாய்க்கு வந்த அது, பைபிளைத் திறக்காத எத்தனையோ பேரைத் திறக்க வைத்தது. கேரளத்து முரிங்கூர் தியானத்துக்குப் போய்வந்து குடியை நிறுத்தியவரை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். போய்வந்தவர் அங்கே கண்டதை அப்படியே முப்பது வீட்டுக் கூட்டத்தில் நடத்திக்காட்டப் பார்ப்பதுதான் சிக்கல். அழுகை, சத்தம், பேயோட்டு. வத்திக்கான் 2000 செப்டம்பர் 14 என்று, அதாவது மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருநாள் தேதியிட்டு, இதற்கென்றே ஓர் அறிவுரை வெளியிட்டிருக்கிறது: சுகமளிக்கும் செபங்களில் வெறியும் நாடகத்தனமும் பரபரப்பும் வேண்டாம், பேயோட்டுவதை இதோடு கலக்கக்கூடாது. யார் சொன்னாலும் சர்க்கரை மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது. அப்படிச் சாட்சி சொல்ல வந்தவரை அந்த இடத்திலேயே மறித்துவிடுங்கள்.

சி.எஸ்.ஐ. வீட்டிலிருந்து வந்த மருமகளிடம் மாதாவைப் பற்றி வாதாடாதீர்கள். வந்து உட்கார்ந்திருக்கிறாளே. தசரா நேரத்தில் மாலை போட்டுக் குலசைக் கோயிலுக்குப் போகும் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றியும் கூட்டத்தில் பேச்சு வேண்டாம். சுவர் மெல்லியது.

சாமி வரவில்லை என்று கூட்டத்தைத் தள்ளாதீர்கள். சாமி வராமலும் நடக்கத்தான் இது ஏற்பட்டது.

கடைசியாக ஒன்று. மன்றாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து ஓடாதீர்கள். பாயைத் தட்டிச் சுருட்ட, நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க, டம்ளர்களைக் கழுவ அந்த வீட்டுக்காரம்மா மட்டும் நிற்பார். இரண்டு பேர் கூட இருங்கள். ஐந்தாம் படியில் வாய் திறக்காதவர், குழாயடியில் டம்ளரைத் துலக்கிக்கொண்டே, “மைனி, குழுக் கடனுக்கு ரெண்டு தவணை கட்டலை” என்பார். தண்ணீர் சத்தத்தில் பாதிதான் கேட்கும். குழாயை மூடிவிட்டுக் கேளுங்கள்.