கார்டு தீர்ந்தால் இன்சுலின் என்ன ஆகும்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸாக இருக்கிறேன். ஊரை ஒட்டிய டவுன் கேம்ப் (பழங்குடியினர் குடியிருப்பு) ஒன்றில் வசிக்கும் அபாரிஜினல் பாட்டி ஒருவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில், முன்பணம் கட்டி வாங்கும் பவர் கார்டு (மின்சார அட்டை) அடிக்கடி தீர்ந்து ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. இன்சுலின் கெட்டிருக்குமோ, கோடையில் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. அந்த வீட்டார் பொறுப்பில்லாமல் இருக்கிறார்கள் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். உண்மையா?
– எம். எஸ்., ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

பதில்: முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள், அம்மா. ஃபிரிட்ஜ் சில மணி நேரம் நின்றதாலேயே இன்சுலின் வீணாகிவிடாது. கதவைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் உள்ளே குளிர்ச்சி நிற்கும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியிலேயே இருக்கலாம். வெப்பம் 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சரியான வரம்பு மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் ஊர்க் கோடை 40 டிகிரியைத் தாண்டுகிறதே, கவலை அங்கேதான்.

பொறுப்பின்மை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஊர் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியின் 28 தொலைதூரக் குடியிருப்புகளில் சுமார் 3,300 வீடுகளின் முன்கட்டண மீட்டர் (முதலில் பணம் கட்டி, அந்தத் தொகைக்கு மட்டும் மின்சாரம் பெறும் மீட்டர்) பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியானது. 2018–19-இல் ஒரே ஆண்டில் அவற்றுள் 91 சதவீத வீடுகளில் ஒருமுறையாவது கரண்ட் நின்றிருக்கிறது. 74 சதவீத வீடுகளில் பத்து முறைக்கு மேல். பத்தில் ஒன்பது வீட்டில் நடப்பதை ஒரு குடும்பத்தின் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. மிதமான நாளில் கரண்ட் நிற்க 17-இல் ஒரு வாய்ப்பு என்றால், டெரிட்டரியின் மத்தியப் பகுதியில் அதிகம் மின்சாரம் செலவாகும் வீடுகளில் கடும் வெயில் நாளிலும் கடுங்குளிர் நாளிலும் அது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. எந்த நாளில் ஏசியும் ஹீட்டரும் உயிரைக் காக்க வேண்டுமோ, அந்த நாளில்தான் கார்டு வேகமாகக் கரைகிறது. வெயிலைத் தடுக்காத சுவர்கள், ஒரே கூரையின் கீழ் பலர், மின்சாரத்தை விழுங்கும் பழைய ஜன்னல் ஏசி, இரண்டு வாரத்துக்கொருமுறை வரும் அரசு உதவித்தொகை. இதில் எதையும் அந்தப் பாட்டி தேர்ந்தெடுக்கவில்லை. பல மீட்டர்களில் அவசரக் கடன் (தொகை தீர்ந்தபின் சிறிது நேரம் ஓடவிடும் வசதி) உண்டு. அதையும் அடுத்த கார்டிலிருந்து கழித்துவிடுவார்கள். புதுக் கார்டு போட்ட அன்றே அதில் ஒரு பங்கு போய்விடும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. பில் வந்தபின் கட்டுபவருக்குக் கரண்டை நிறுத்துமுன் நிறுவனம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும், தவணை தரவேண்டும். முன்கட்டண மீட்டருக்கு அந்தப் படிகள் கிடையாது. கருவி தானே நிறுத்துகிறது. பழி வீட்டார்மேல் விழுகிறது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாட்டியின் இன்சுலின் இருப்பை கிளினிக் ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேனாவாகக் கொடுங்கள். மொத்த மருந்தும் ஒரே நாளில் கெடும் ஆபத்து இதனால் போய்விடும். வீட்டில் உள்ள பேனாவுக்கு, தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்பை மருந்துக்கடைகளில் கிடைக்கும். நம் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே ஆவியாதலால்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்க வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. தெளிவான மருந்து கலங்கினாலோ கட்டி தட்டினாலோ எறிந்துவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் வீரியம் குறைந்திருக்கலாம் என்பதால், காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் கருவியோ டயாலிசிஸ் கருவியோ இருந்தால் உயிர்காப்புக் கருவிப் பதிவு செய்ய மின் நிறுவனத்திடம் தாமதமின்றிக் கேளுங்கள். பென்ஷன் பெறுவோருக்கு டெரிட்டரி அரசின் மின்கட்டணச் சலுகை உண்டு. பாட்டிக்குக் கிடைக்கிறதா என்று உங்கள் சமூக சேவகரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு நீங்களே ஒரு கார்டு வாங்கிக் கொடுக்கத் தோன்றும். அதில் தவறில்லை, ஆனால் அதையே வழக்கமாக்கினால் உங்களால் தாங்க முடியாது.

நீண்டகாலத் தீர்வு கூரைமேல் இருக்கிறது. நான் சொன்ன கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான வாருமுங்கு இனத்து மூத்தவர் நார்மன் ஃபிராங்க் ஜுப்புருருலா, அதே டெரிட்டரியின் டென்னன்ட் கிரீக்கில் தாம் வசிக்கும் அரசு வீட்டின் கூரையில் சூரியத் தகடுகள் பொருத்த வைத்தார். வெயில் ஏறும் அதே நேரத்தில்தான் அவையும் அதிகம் மின்சாரம் தரும். அரசுக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் இது வரவேண்டும். முன்கட்டண மீட்டரோடும் இணைய வேண்டும்.

அதுவரை உங்களால் முடிந்த ஒன்று உண்டு. பாட்டி வரும்போதெல்லாம் "கரண்ட் எத்தனை முறை நின்றது, எந்தக் கிழமை?" என்று கேட்டு, அவர் மருத்துவக் குறிப்பிலேயே எழுதுங்கள். நிறுவனத்திடம் மீட்டர் கணக்கு மட்டும் இருக்கிறது. அன்றைக்கு அவர் சர்க்கரை எவ்வளவு ஏறியது என்பது உங்கள் ஏட்டில்தான் இருக்கும். சலுகைக்கோ முறையீட்டுக்கோ போகும்போது இரண்டையும் சேர்த்து வையுங்கள்.